புதிய மேனேஜரும் முதல் அபிப்பிராயமும்

அன்புள்ள ஐயா,

2005 இஸ்தான்புல் இறுதி ஆட்டத்திலிருந்து நான் இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப்புக்கு ரசிகன். 2024 ஜனவரியில் அணியின் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், க்ளாப் விலகப்போவதாக அறிவித்த அன்று எனக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை. அவருக்குப் பதிலாக ஆர்னே ஸ்லாட் வருகிறார் என்றதும் அவருடைய முதல் பத்திரிகையாளர் சந்திப்பை உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். அமைதியாகக் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார். "இவரா?" என்றுதான் தோன்றியது. எங்கள் வாட்ஸப் குழுவில் பாதிப் பேர் அன்றே கைவிட்டுவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில் லீக் பட்டம் வந்தது, எல்லோரும் கட்சி மாறினோம். 2025 நவம்பரில் தோல்விக்கு மேல் தோல்வி வந்தபோது அதே நண்பர்கள், "நான் அன்றைக்கே சொன்னேனே" என்றார்கள்.

ஒரு மேனேஜரைப் பற்றிய முதல் அபிப்பிராயத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா? புதிதாக ஒருவர் வரும்போது ரசிகன் எதைப் பார்க்க வேண்டும்? லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் கால் வைத்தே பார்க்காத எங்களைப் போன்றவர்களுக்கு இதில் கருத்துச் சொல்ல உரிமை இருக்கிறதா? நேரம் இருக்கும்போது பதில் எழுதுங்கள்.

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

அந்தச் சந்திப்பை நானும் பார்த்தேன். 2024 ஜூலை 5. ஸ்லாட் பேசியதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. க்ளாப் நல்ல அணியை விட்டுச் சென்றிருக்கிறார், அதைக் கலைத்துப்போட எனக்கு எண்ணமில்லை என்ற பொருளில்தான் பேசினார். ஆனால் நீங்கள் அந்த நாற்காலியில் தேடியது க்ளாப்பின் சிரிப்பை. 2015 அக்டோபரில் அவர் தன்னை ‘நார்மல் ஒன்’ என்று சொல்லி அறை முழுவதையும் சிரிக்க வைத்தார். சந்தேகத்தோடு இருப்பவர்களை நம்புகிறவர்களாக மாற்ற வேண்டும் என்றார். ஒரு பந்தைக்கூட அவருடைய அணி இன்னும் உதைத்திருக்கவில்லை, அதற்குள் ஊரே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்படி ஒருவரோடு எட்டரை ஆண்டுகள் இருந்துவிட்டு, வேறு யாரைப் பார்த்தாலும் முதல் நாளில் ‘இவரா?’ என்றுதான் தோன்றும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லிவர்பூலில் இது பழைய கதை. 1974 ஜூலை 12 அன்று பில் ஷாங்க்லி விலகுவதாக அறிவித்தார். இரண்டாம் டிவிஷனில் கிடந்த கிளப்பை 1959 டிசம்பரில் கையில் எடுத்து மேலே கொண்டுவந்தவர். நிருபர் டோனி வில்சன் அன்று மைக்கோடு தெருவில் நின்று போகிற வருகிறவர்களிடம் செய்தியைச் சொல்கிற காட்சி இன்றும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். ஒரு சிறுவன் நம்ப மறுக்கிறான். நிருபர் தன்னிடம் விளையாடுகிறார் என்றே நினைக்கிறான்.

அந்த இடத்துக்கு வந்தவர் பாப் பெய்ஸ்லி. டர்ஹம் பக்கத்துச் சுரங்க ஊர்க்காரர், கொத்தனார் வேலை கற்றவர். 1939 முதல் அதே கிளப்பில் வீரராக, பிசியோவாக, ஷாங்க்லியின் உதவியாளராக இருந்தவர். மேடையில் பேச வராது. பதவியே வேண்டாம் என்றவரை வற்புறுத்தித்தான் உட்கார வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் வெம்ப்லியில் சாரிட்டி ஷீல்டு ஆட்டத்துக்கு அணியை மைதானத்துக்குள் அழைத்து வந்தவர்கூட ஷாங்க்லிதான். அணி அப்போது பயிற்சி செய்த மெல்வுட் மைதானத்துக்கும் அவர் வந்துகொண்டே இருந்தார். வீரர்கள் பழக்கதோஷத்தில் அவரையே ‘பாஸ்’ என்று கூப்பிட்டார்கள். பெய்ஸ்லியின் முதல் சீசனில் லீக்கில் இரண்டாம் இடம், பெரிய கோப்பை எதுவும் இல்லை. அன்றைக்கு வாட்ஸப் இருந்திருந்தால் அவரை யாரும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். ஒன்பது சீசன் முடிந்து அவர் விலகும்போது ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் இருந்தன.

இதைப் படித்துவிட்டு, சரி, முதல் அபிப்பிராயம் எல்லாம் வீண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ராய் ஹாட்ஜ்சன் விஷயத்தில் ரசிகர்கள் நினைத்தது சரியாகத்தான் போனது.

2010 ஜூலையில் அவர் வரும்போது தகுதியில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. சின்ன கிளப்பான ஃபுல்ஹமை யூரோப்பா லீக் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர், அந்த ஆண்டின் சிறந்த மேனேஜர் என்று சக மேனேஜர்களே தேர்ந்தெடுத்தவர். ஆனால் ஆன்ஃபீல்டில் அவரை யாரும் ஆசையாக வரவேற்கவில்லை. கிளப் ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கையில், கடனில் மூழ்கிக் கிடந்தது. அவர்கள் மேல் இருந்த கோபத்தின் ஒரு பங்கு இவர் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு, ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் அந்த ஊரின் செல்லப்பிள்ளையான கென்னி டால்க்ளிஷ், எனக்குக் கொடுங்கள் என்று கேட்டும் கொடுக்காமல்தான் ஹாட்ஜ்சனை அழைத்து வந்திருந்தார்கள். செப்டம்பரில் நான்காம் டிவிஷன் அணியான நார்தாம்ப்டனிடம் சொந்த மைதானத்தில் பெனால்டியில் தோற்றார்கள். அக்டோபரில் பிளாக்பூல் ஆன்ஃபீல்டுக்கு வந்து ஜெயித்துவிட்டுப் போனது. லிவர்பூல், கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் கடைசி மூன்று இடங்களுக்குள் விழுந்தது. 2011 ஜனவரி 8 அன்று ஹாட்ஜ்சன் போனார், டால்க்ளிஷ் வந்தார்.

ஹாட்ஜ்சனை ரசிகர்கள் முதலிலேயே ஏற்காததற்குக் காரணங்கள் பெரும்பாலும் அவருக்கு வெளியே இருந்தன. அவை அநியாயமான காரணங்கள் என்றுகூட நான் சொல்வேன். ஆனால் அதே கோடையில், அவர் செய்கையிலேயே பார்க்கக்கூடிய ஒன்று இருந்தது. அணியில் இருந்த இடது பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரர், இன்சுவாவை துருக்கிக்கு லோனில் அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு ஹாட்ஜ்சன் தன் பழைய கிளப்பிலிருந்து பால் கோன்செஸ்கியை வரவழைத்தார். அந்த பேரத்தில் லிவர்பூல் இளைஞர் அணியிலிருந்து இரண்டு பையன்கள் ஃபுல்ஹமுக்குப் போனார்கள். அதில் ஒருவரான ககானிக்லிச் பின்னாளில் பிரீமியர் லீகிலும் சுவீடன் அணியிலும் ஆடினார். கோன்செஸ்கி ஒரு சீசன்கூட அங்கே தாக்குப்பிடிக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர் முதலில் கடைக்கு லிஸ்ட் எழுதுகிறாரா, அடுப்படியில் உள்ள டப்பாக்களைத் திறந்து பார்க்கிறாரா என்று பாருங்கள். ஏற்கெனவே இருப்பதை அவர் எப்படிப் பார்க்கிறார்? முந்தையவர் கண்ணில் படாத எதுவாவது இவர் கண்ணில் படுகிறதா? முதல் சில வாரங்களில் உண்மையாகத் தெரியக்கூடியது இது ஒன்றுதான். பேட்டியில் சொல்கிற தத்துவமும் ஆட்டமுறையும் காகிதத்தில் எல்லோரிடமும் இருக்கும்.

ஷாங்க்லி கடைசியாக வாங்கிய ஆட்டக்காரர் ரே கென்னடி. அர்செனலில் கோல் அடிக்கிற முன்வரிசை ஆட்டக்காரர். அவர் லிவர்பூலுக்கு வந்த செய்தி, ஷாங்க்லி விலகிய அதே நாளில் வெளியானதால் அமுங்கிப்போனது. முன்வரிசையில் கீகனும் டோஷாக்கும் நிலைத்திருந்தார்கள், கென்னடிக்கு அங்கே இடம் அமையவில்லை. பெய்ஸ்லி அவரைப் பின்னுக்கு இழுத்து இடது மிட்ஃபீல்டில் நிறுத்தினார். அங்கே நின்றுதான் கென்னடி மூன்று ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டங்களிலும் ஆடினார், இங்கிலாந்து அணிக்கும் போனார். பேசத் தெரியாத மனிதர் என்று ஊர் நினைத்தவருக்கு, பார்க்கத் தெரிந்திருந்தது.

க்ளாப்புக்கு அது ஃபிர்மினோ. 2015 கோடையில், க்ளாப் வருவதற்கு முன்பே வாங்கப்பட்டவர். பிரெண்டன் ரோஜர்ஸ் காலத்தில் அவரை எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் ஓரத்தில் ஓட விட்டார்கள். ஜெர்மனியில் அவரை எதிரணியில் பார்த்திருந்த க்ளாப் நடுவில் முன்னே கொண்டுவந்தார். நவம்பர் 21 அன்று மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 4-1 என்று அடித்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஸ்லாட்டுக்கு க்ராவன்பெர்க். இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கும் அந்த இடத்துக்கு லிவர்பூல் முதலில் கேட்டது சுபிமெண்டியை. அவர் ரியல் சொசியதாதை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கோடையில் உடனே ஆடக் கூடியவராக வந்து சேர்ந்தது கியேசா ஒருவர்தான். முந்தைய சீசனில் பாதி நேரம் பெஞ்சில் இருந்த க்ராவன்பெர்க்கை ஸ்லாட் அங்கே நிறுத்தினார். அவர் பந்து வாங்குகிற விதத்தைக் கவனித்திருப்பீர்கள். முதுகுக்குப் பின்னால் எதிராளி ஒட்டிக்கொண்டு வருகிறான். சாதாரணமாக வந்த வழியே பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இவர் தோளைச் சற்றே சாய்த்து, பந்தைத் தொடாமல் தன்னைத் தாண்டி ஓடவிட்டு, அப்படியே திரும்பிவிடுகிறார். எதிராளி பின்னால் நிற்கிறான், முன்னால் முப்பது கஜம் காலியாகக் கிடக்கிறது. இந்தத் திறமை அவரிடம் க்ளாப் காலத்திலும் இருந்ததுதான். அந்த சீசனின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது.

இருப்பதைப் பார்ப்பது என்றால் எல்லோரையும் தட்டிக்கொடுப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்லாட்டின் முதல் லீக் ஆட்டம், 2024 ஆகஸ்ட் 17, இப்ஸ்விச். இருபத்திரண்டு ஆண்டு கழித்து மேல் டிவிஷனுக்குத் திரும்பிய ஊர், காது கிழிகிற சத்தம். முதல் பாதியில் லிவர்பூல் ஒன்றும் செய்ய முடியவில்லை. உயரப் பந்துகளிலும் தோளோடு தோள் மோதலிலும் இப்ஸ்விச் கை ஓங்கியது. இடைவேளை முடிந்து அணி வெளியே வந்தபோது ஜாரெல் குவான்சாவைக் காணோம், கொனாட்டே நிற்கிறார். குவான்சா கிளப்பிலேயே வளர்ந்த இருபத்தொரு வயதுப் பையன். க்ளாப்பின் கடைசி மாதங்களில் நன்றாக ஆடி இடம் பிடித்தவன். ஆட்டம் முடிந்தபின், முதல் பாதியில் மோதல்களில் அதிகமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம், அதனால் மாற்றினேன் என்று ஸ்லாட் நேராகச் சொன்னார். இரண்டாம் பாதியில் ஜோட்டாவும் சலாவும் கோல் அடித்தார்கள், 2-0.

அந்தப் பையனுக்கு அது கொடுமையான நாள். சீசனின் முதல் ஆட்டத்தில், உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதியில் வெளியே எடுத்தால் மனசு என்ன பாடுபடும்! அதற்குப்பின் அவன் அந்த அணியில் நிலையாக இடம் பிடிக்கவே இல்லை, அடுத்த கோடையில் லெவர்குசனுக்குப் போனான். இன்னொரு இருபது நிமிடம் கொடுத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் ஸ்லாட் என்ற மனிதரைப் பற்றி அந்த இடைவேளையில் தெரிந்துகொண்டது, பத்திரிகையாளர் சந்திப்பு முழுவதிலும் தெரியவில்லை. கண்முன் நடப்பதைப் பார்க்கிறார், பார்த்ததன்மேல் உடனே முடிவெடுக்கிறார், எடுத்த முடிவை மூடி மறைக்கவில்லை. சரியாக நான்கு வாரம் கழித்து நாட்டிங்ஹம் ஃபாரஸ்டிடம் ஆன்ஃபீல்டில் 0-1 என்று தோற்றபோது பலர் பதறினார்கள். ஃபாரஸ்ட் அங்கே ஜெயித்தது 1969-க்குப் பிறகு அதுதான் முதல்முறை என்பதால் அந்தப் பதற்றம் புரிகிறது. எனக்கு இப்ஸ்விச் இடைவேளை நினைவில் இருந்ததால் பெரிதாகப் பதறத் தோன்றவில்லை.

ஒரு மேனேஜர் கைக்கு வந்து சேர்வது ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை, கேலரியில் இருப்பவர்களும்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2010 டிசம்பர் கடைசியில் வுல்வ்ஸிடம் ஆன்ஃபீல்டில் தோற்றபின், இங்கே பேர்போன ரசிகர் ஆதரவு நான் வந்ததிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை என்ற பொருளில் ஹாட்ஜ்சன் பேசினார். அவர் சொன்னது பொய் இல்லை, கேலரியே டால்க்ளிஷின் பெயரைப் பாடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பேச்சோடு அவர் கதை முடிந்தது. பத்து நாளில் போய்விட்டார்.

2015 நவம்பர் 8. க்ளாப் வந்து ஒரு மாதம். கிரிஸ்டல் பேலஸ் ஆன்ஃபீல்டில் 82-வது நிமிடத்தில் இரண்டாவது கோல் அடித்தது. மக்கள் எழுந்து படியிறங்கிப் போக ஆரம்பித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் க்ளாப் அதைப் பற்றி வெளிப்படையாகவே சொன்னார், அந்த நேரத்தில் தனியாக நிற்பதுபோல் இருந்தது என்று. யோசித்துப் பாருங்கள், ஹாட்ஜ்சன் சொன்ன அதே புகார்தான். ஆனால் க்ளாப் அங்கே நிறுத்தவில்லை. கடைசி விசில் வரை எதுவும் நடக்கலாம் என்று நினைத்து யாரும் எழுந்து போக முடியாதபடி ஆட வேண்டியது எங்கள் பொறுப்பு என்று சேர்த்துச் சொன்னார். புகாரையும் சொல்லி, அதைத் தீர்க்கும் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து வெஸ்ட் பிராம் ஆட்டம். 1-2 என்று பின்தங்கி, கூடுதல் நேரமும் முடியப்போகிறது. 96-வது நிமிடத்தில் ஒரிகி அடித்த பந்து எதிராளி மேல் பட்டுத் திரும்பி உள்ளே போனது. 2-2. இந்த முறை ஜனம் இருந்தது, கத்தித் தீர்த்தது. ஆட்டம் முடிந்ததும் க்ளாப் வீரர்களை வரிசையாகக் கைகோக்க வைத்து, ஆன்ஃபீல்டின் பேர்போன ‘காப்’ கேலரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, கைகளை உயர்த்தி வணங்க வைத்தார். அந்தக் காட்சியை மற்ற கிளப் ரசிகர்கள் வாரக்கணக்கில் கேலி செய்தார்கள். நடுத்தரமான அணியோடு சொந்த மைதானத்தில் டிரா செய்துவிட்டு கோப்பை வாங்கினமாதிரி நிற்கிறார்களே என்று. அந்த சீசனில் லிவர்பூல் எட்டாவது இடத்தில்தான் முடித்தது, இரண்டு இறுதி ஆட்டங்களில் தோற்றது. கேலி செய்தவர்களிடம் புள்ளிவிவரம் இருந்தது. ஆனால் அன்று அந்தக் கேலரியில் இருந்தவர்களுக்கு க்ளாப் எதற்கு நன்றி சொல்கிறார் என்று தெரிந்திருந்தது. போகாமல் இருந்ததற்கு! 2019 மே மாதம் பார்சிலோனாவிடம் 0-3 என்று பின்தங்கிய பிறகு ஆன்ஃபீல்டில் 4-0 என்று திருப்பிய இரவை எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நான்காவது கோலும் ஒரிகிதான். அதற்கான வேலை இந்த டிராவில் தொடங்கியது என்று நான் நம்புகிறேன்.

ஸ்லாட்டுக்கு இந்தக் கேலரி கையில் வந்து சேர்ந்த விதமே வேறு. 2024 மே 19 அன்று, தன் கடைசி ஆட்டம் முடிந்து மைக்கைப் பிடித்த க்ளாப், அடுத்து வரப்போகிறவரின் பெயரை ராகம் போட்டுப் பாடி, மொத்த மைதானத்தையும் பாட வைத்தார். ஷாங்க்லி இருந்துகொண்டே பெய்ஸ்லிக்குச் சங்கடமானார். க்ளாப் விலகி வழிவிட்டார். 2025 ஏப்ரல் 27, டாட்டன்ஹமை 5-1 என்று வென்று பட்டம் உறுதியானதும், அதே மெட்டில் ஸ்லாட் க்ளாப்பின் பெயரைப் பாடினார். பேசத் தெரியாதவர் என்று நீங்கள் அன்று நினைத்த அதே மனிதர்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உரிமை உங்களுக்கு நிச்சயமாக உண்டு. இருபது வருடம் ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் கேலரியில் இருப்பவர் குரல் மேனேஜர் காதில் விழுகிறது, ஹாட்ஜ்சனை அது அசைத்தும் இருக்கிறது. நம் குரல் விழாது. அதனால் நாம் அவசரப்படத் தேவையே இல்லை. இன்னொன்று, டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. பந்து இல்லாத இடத்தில் ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதில்தான் புதிய மேனேஜரின் கை முதலில் தெரியும். நேரில் இருப்பவருக்கு அது எளிது. நாம் முழு ஆட்டத்தையும் பார்த்தால் ஓரளவு பிடித்துவிடலாம். கோல் கிளிப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்கிறவர்களோடு வாதாடாதீர்கள்.

கடைசியாக, நவம்பர். ஃபாரஸ்டிடம் ஆன்ஃபீல்டில் 0-3, நான்கே நாளில் அதே இடத்தில் நெதர்லாந்து கிளப்பான பிஎஸ்வியிடம் 1-4. உங்கள் நண்பர்கள் அன்றைக்கே சொன்னது, இவர் பேச்சில் உப்பில்லை என்பதைத்தானே? அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2024-ல் அவர் கையில் இருந்தது இன்னொருவர் கட்டிய அணி. 2025-ல் ட்ரென்ட் மாட்ரிட் போய்விட்டார், டியாஸ் மியூனிக் போய்விட்டார். ஜூலையில் ஜோட்டா கார் விபத்தில் இறந்தே போனார். கூட ஆடியவனை அடக்கம் செய்துவிட்டு ஆறு வாரத்தில் அந்த வீரர்கள் சீசனைத் தொடங்கினார்கள். அதோடு விர்ட்ஸ், எகிடிகே, இசாக் என்று பெரும் பணத்துக்குப் புதியவர்களும் வந்தார்கள். இருக்கும் அணியை ஆள்வதும் புதிதாக ஒன்றைக் கட்டுவதும் இரண்டு வேறு வேலைகள். முதல் வேலையில் ஸ்லாட் எப்படி என்பதை இப்ஸ்விச்சில் பார்க்க முடிந்தது. இரண்டாவது வேலையில் எப்படி என்பதை 2024-ல் யாராலும் பார்த்திருக்க முடியாது, உங்கள் நண்பர்களாலும்தான். அந்தத் தோல்விகளுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அவர் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்று குழுவில் தாராளமாகச் சண்டை போடுங்கள். 2025-ல் அவர் கட்டிய அணியை வைத்துச் சண்டை போடுங்கள்.

அன்புடன்.